கணக்கு சரி, நிகழ்ச்சி தவறு

1840-ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று, பாஸ்டன் நகரின் சார்டன் தெரு ஆலயத்தில் ஒரு மாநாடு கூடியது. கிறிஸ்துவின் இரண்டாம் வருகை வாசலுக்கு வந்துவிட்டது என்று நம்பியவர்கள் நடத்திய முதல் பொது மாநாடு அது. யாருடைய பிரசங்கம் அவர்களைக் கூட்டிச் சேர்த்ததோ அந்த வில்லியம் மில்லர் வரவில்லை; டைபாய்டு காய்ச்சலில் படுத்திருந்தார். அவர் எழுதியதை அங்கே வாசித்தார்கள். தலைமை வகித்தவர் ஹென்றி டானா வார்ட், ஹார்வர்டில் படித்தவர். வருகை சமீபித்துவிட்டது என்பதில் வார்டுக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. ஆனால் இன்ன வருடம் என்று நாள் குறிக்கக் கூடாது என்பதில் அதைவிட உறுதியாக இருந்தார். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரைத் தவிர யாரும் அறியார் என்று இயேசுவே சொல்லியிருக்க, மனிதன் எப்படித் தேதி குறிப்பான் என்பது அவருடைய கேள்வி.

ஆக, மில்லர் இயக்கத்தின் முதல் மாநாட்டுத் தலைவரே மில்லரின் கணக்கை ஏற்காதவர். இந்த உண்மையை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்த 4 ஆண்டுகளின் கதைக்குள் போக வேண்டும். பின்னால் வந்த பத்திரிகைக்காரர்கள் இதை வெறி பிடித்த கூட்டத்தின் கதையாக எழுதிவைத்தார்கள். உள்ளே நடந்ததோ வேதத்தை எப்படி வாசிப்பது என்ற மிகத் தீவிரமான வாதம்.

மில்லர் விவசாயி. 1782-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் பிறந்து, நியூயார்க் மாநிலத்தின் லோ ஹாம்ப்டனில் வளர்ந்தவர். இளமையில் வேதத்தை நம்பவில்லை. உலகைப் படைத்த ஒரு கடவுள் உண்டு, ஆனால் அவர் மனிதர் விவகாரத்தில் தலையிடுவதில்லை என்ற கொள்கையில் இருந்தார். 1814-இல் பிளாட்ஸ்பர்க் போரில் கேப்டனாகப் பிரிட்டிஷ் படைக்கு எதிரே நின்றார். அமெரிக்கப் படையைவிடப் பல மடங்கு பெரிய படை அது. ஆனாலும் அமெரிக்கர்கள் வென்றார்கள். அந்த வெற்றி அவரை உலுக்கியது. 1816-இல் விசுவாசத்துக்குத் திரும்பினார். நண்பர்கள் கேலி செய்தபோது, வேதத்தில் முரண்பாடுகளாகத் தோன்றுபவற்றுக்கெல்லாம் விடை கண்டுபிடிப்பதாகச் சவால் விட்டார். விளக்கவுரைகளை ஒதுக்கினார். வேதப் புத்தகமும் குரூடன் தொகுத்த ஒத்தவாக்கிய அகராதியும் மட்டுமே அவரிடம் இருந்தன. ஆதியாகமத்தில் தொடங்கி வசனம் வசனமாக வாசித்தார். ஒரு சொல் புரியாவிட்டால், அதே சொல் வேதத்தில் வேறெங்கெல்லாம் வருகிறது என்று தேடி, அங்கிருந்து பொருளை எடுத்தார்.

இரண்டு வருடம் இப்படி வாசித்த பிறகு, 1818-இல் ஒரு முடிவுக்கு வந்தார்: இன்னும் ஏறக்குறைய 25 வருடங்களில் இந்த உலகத்தின் கதை முடிந்துவிடும்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தானியேல் புத்தகத்தின் 8-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனம், 2300 இராப்பகல் கழிந்த பின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்று சொல்கிறது. எண்ணாகமம் 14-இலும் எசேக்கியேல் 4-இலும் ஒரு நாளுக்கு ஒரு வருடம் என்று எண்ணும் முறை வருகிறது. அதை இங்கே பொருத்தினால் 2300 வருடம். எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? தானியேல் 9-இல் வரும் 70 வாரங்களும் இந்த 2300-உம் ஒரே இடத்தில் தொடங்குவதாக மில்லர் கொண்டார். 70 வாரம் என்றால் 490 நாள். அதாவது 490 வருடம். பாரசீக மன்னன் அர்தசஷ்டாவின் 7-ஆம் ஆண்டுக் கட்டளை எஸ்றா 7-இல் இருக்கிறது. அது கி.மு. 457. அங்கிருந்து 490 வருடம் கடந்தால் கி.பி. 33, இயேசு சிலுவையில் மரித்த ஆண்டு என்று மில்லர் எண்ணியது. 2300-இல் 490 போனால் மீதி 1810. 33-உடன் 1810-ஐக் கூட்டினால் 1843.

சுத்திகரிக்கப்பட வேண்டிய பரிசுத்த ஸ்தலம் எது? இந்தப் பூமியும் இதில் உள்ள சபையும் என்றார் மில்லர். சுத்திகரிப்பு என்பது கிறிஸ்து வரும்போது வரும் அக்கினி.

இந்த முறையை மில்லர் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மடக்கையைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியர் 1593-இலேயே வெளிப்படுத்தின விசேஷத்தை வைத்து உலக முடிவைக் கணித்திருந்தார். ஐசக் நியூட்டன் தானியேலுக்கு எழுதிய விளக்கம் அவர் மறைவுக்குப் பின் 1733-இல் வெளிவந்தது. அவரும் நாளை வருடமாகவே எண்ணினார். ஜெர்மனியின் பெரிய வேத அறிஞர் பெங்கெல் 1836 என்று சொல்லியிருந்தார். அதோடு 1798 பிப்ரவரியில் பிரெஞ்சுத் தளபதி பெர்த்தியே ரோமாபுரிக்குள் நுழைந்து, போப் ஆறாம் பயஸ் சிறைப்பிடிக்கப்பட்டார். 538-இல் தொடங்கிய போப்புகளின் ஆதிக்கம் 1260 வருடத்தில் முடியும் என்று கணக்கிட்டிருந்த புராட்டஸ்டன்ட் உலகம் சிலிர்த்துப் போனது. தீர்க்கதரிசனக் கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டுமா என்று படித்த போதகர்களே கேட்டார்கள். மில்லரை அறியாமையின் வாரிசாகச் சித்திரிப்பது அவருக்கு இழைக்கும் அநீதி. இருநூறு வருடப் புராட்டஸ்டன்ட் கல்வியின் நேர் வாரிசு அவர்.

1831 ஆகஸ்டில் டிரெஸ்டன் என்ற ஊரில் முதன்முதலாகப் பேசினார். 1833-இல் பாப்டிஸ்ட் சபை பிரசங்கம் செய்ய உரிமம் கொடுத்தது. 1839 வரை அவர் சிற்றூர்களின் பிரசங்கிதான். பாஸ்டனில் போதகராக இருந்த ஜோஷுவா ஹைம்ஸ் அவரைச் சந்தித்த பிறகு எல்லாம் மாறியது. 1840-இல் ‘காலத்தின் அடையாளங்கள்’ என்ற பத்திரிகை பாஸ்டனில் தொடங்கியது. 1842-இல் நியூயார்க்கில் ‘நள்ளிரவுச் சத்தம்’. ஏறத்தாழ 4000 பேர் அமரக்கூடிய பெரிய கூடாரம் ஒன்று ஊர் ஊராகப் போனது. சார்ல்ஸ் ஃபிட்ச், அப்போலோஸ் ஹேல் என்ற இரு போதகர்கள் துணியில் ஒரு விளக்கப்படம் தயாரித்தார்கள். நேபுகாத்நேச்சாரின் சிலை, நான்கு மிருகங்கள், பக்கத்தில் வருடக் கணக்குகள், எல்லாக் கணக்கும் கீழே வந்து சேரும் ஒரே எண்: 1843. 1842 மே மாதப் பாஸ்டன் மாநாடு அதில் 300 பிரதிகள் அச்சிடச் சொன்னது. கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் அந்தப் படத்தின் முன் நின்று தாமே சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. மில்லர் இயக்கத்தின் பலம் இங்கேதான் இருந்தது என்று தோன்றுகிறது. ‘போதகர் சொன்னார்’ என்று நம்ப வேண்டியதில்லை. நீயே எண்ணிப் பார்.

எதிர்த்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகர் பாப்டிஸ்ட் போதகர் ஜான் டௌலிங் 1840-இலேயே மில்லருக்கு மறுப்பாக ஒரு புத்தகம் போட்டார். 2300 இராப்பகல் என்பது காலைப் பலியும் மாலைப் பலியும் சேர்ந்த எண்ணிக்கை. ஆகவே 1150 சாதாரண நாள்கள் என்றார். ஆன்டோவர் இறையியல் கல்லூரியின் மோசஸ் ஸ்டூவர்ட், அமெரிக்காவில் எபிரெய மொழிக் கல்விக்குத் தகப்பன் என்று கருதப்பட்டவர். 1842-இல் வந்த தமது நூலில், நாளை வருடமாக்கும் பழக்கத்தின் வேரிலேயே கைவைத்தார். தானியேல் நாள் என்று எழுதினால் நாள்தான். தேவாலயத்தைத் தீட்டுப்படுத்திய சிரியா மன்னன் அந்தியோகஸ் எபிபானஸைப் பற்றித்தான் அந்த அதிகாரம் பேசுகிறது. மக்கபேயர்கள் கி.மு. 164-இல் ஆலயத்தை மீட்டுச் சுத்திகரித்தார்கள். தீர்க்கதரிசனம் அத்துடன் நிறைவேறிவிட்டது.

ஸ்டூவர்ட்டின் வாதம் கூர்மையானது. ஆனால் அதை ஏற்றால் மில்லரோடு நியூட்டனும் போக வேண்டும், போப்புக்கு எதிரான புராட்டஸ்டன்ட் வாதத்தின் பாதியும் போக வேண்டும். அந்த விலையைக் கொடுக்கப் பல போதகர்கள் தயாராக இல்லை. மில்லரின் முறை அவர்களுடைய முறையும்கூட. அதனால் முறையை விட்டுவிட்டு, அதன் முடிவை மட்டும் எதிர்த்தார்கள்.

அப்படி எதிர்த்தவர்களில் மிக முக்கியமானவர் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் எபிரெயப் பேராசிரியர் ஜார்ஜ் புஷ். அவர் 1844-இல் மில்லருக்கு வெளிப்படையாகவே எழுதினார். நாளை வருடமாக எண்ணுவது சரி. மில்லரின் காலக் கணக்கிலும் பெரிய குற்றம் காணவில்லை. தவறு எங்கே என்றால், அந்தக் காலத்தின் முடிவில் என்ன நடக்கப் போகிறது என்பதில். உலகம் எரியப் போவதில்லை, ஒரு மாபெரும் மாற்றம் மெல்ல மெல்லத் தொடங்கப் போகிறது என்றார் புஷ். கணக்கு சரி, நிகழ்ச்சி தவறு. எதிராளியின் வாயிலிருந்து வந்த இந்த வாதம் பின்னால் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

எழுப்புதல் பிரசங்கி சார்ல்ஸ் ஃபின்னியும் பாஸ்டனில் மில்லரைச் சந்தித்து, அவருடைய வாசிப்பு தவறு என்று விளக்க முயன்றதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஃபின்னி வேறு கரையில் நின்றவர். திருச்சபை தன் கடமையைச் செய்தால் ஆயிரவருட அரசாட்சி இந்த நாட்டிலேயே மூன்று வருடத்தில் வந்துவிடலாம் என்று 1835-இல் பேசியவர் அவர். அன்றைய அமெரிக்கச் சபைகளில் பெரும்பான்மையின் எண்ணமும் அதுதான்: முதலில் மனிதர்கள் உலகைத் திருத்துவார்கள், பிறகு கிறிஸ்து வருவார். மில்லர் அதைத் தலைகீழாக்கினார்: கிறிஸ்து வந்தால்தான் உலகம் திருந்தும்.

தேதி குறிப்பதைப் பற்றிய வார்டின் கேள்விக்கு மில்லரிடம் ஒரு பதில் இருந்தது. நாளும் நாழிகையும்தான் மறைக்கப்பட்டிருக்கின்றன, வருடத்தை அறியலாம். அதனால் நீண்ட காலம் ‘ஏறத்தாழ 1843’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். கேள்விகள் நெருக்கவே, 1843-இன் தொடக்கத்தில் ஓர் எல்லை வகுத்தார்: 1843 மார்ச் 21-க்கும் 1844 மார்ச் 21-க்கும் இடையே.

இயக்கத்துக்குள் துல்லியத்தின் ருசி ஏற்கெனவே பரவியிருந்தது. ஜோசையா லிட்ச் என்ற மெதடிஸ்ட் போதகர் வெளிப்படுத்தின விசேஷம் 9-ஐ எடுத்துக்கொண்டார். அங்கே ஒரு மணி, ஒரு நாள், ஒரு மாதம், ஒரு வருடம் என்று வருகிறது. ஒரு மணிக்கு 15 நாள், நாளுக்கு 1 வருடம், மாதத்துக்கு 30, வருடத்துக்கு 360. ஆக 391 வருடம் 15 நாள். 1299 ஜூலை 27-இல் தொடங்கி முதலில் 150 வருடம், பிறகு இது. வந்து நிற்கும் தேதி 1840 ஆகஸ்ட் 11. அன்று துருக்கியப் பேரரசின் சுதந்திரம் முடியும் என்றார். எகிப்தின் முகமது அலிக்கு எதிராக ஐரோப்பிய வல்லரசுகளின் தயவை சுல்தான் ஏற்றிருந்த நேரம் அது. சுல்தானின் தூதர் முகமது அலிக்கான இறுதி எச்சரிக்கையோடு அலெக்சாண்ட்ரியாவில் இறங்கிய நாள் ஆகஸ்ட் 11 என்று பின்னர் செய்தி வந்தது. நிறைவேறிவிட்டது என்று ஆயிரக்கணக்கானோர் நம்பினார்கள். துருக்கியப் பேரரசு அதற்குப் பிறகும் 80 வருடம் இருந்தது. தொடங்கிய தேதி பழைய ஜூலியன் நாள்காட்டியிலும் முடிந்த தேதி கிரிகோரியன் நாள்காட்டியிலும் இருப்பதை அப்போது பலர் கவனிக்கவில்லை.

1844 மார்ச் 21 வந்தது, போனது. யூதர்களில் காராயர் பிரிவின் கணக்குப்படி ஆண்டு ஏப்ரல் 18-இல் முடிகிறது என்றார்கள், அதுவும் போனது. மில்லர் தம் தவறைப் பத்திரிகையிலேயே ஒப்புக்கொண்டார். ஆபகூக் 2-ஆம் அதிகாரம், தரிசனம் தாமதித்தாலும் காத்திரு என்கிறது. மத்தேயு 25-இல் மணவாளன் தாமதிக்கிறான், கன்னிகைகள் பத்துப் பேரும் தூங்கிவிடுகிறார்கள். இதுதான் அந்தத் தாமத காலம் என்று சொல்லி விசுவாசிகள் பொறுத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 12 முதல் 17 வரை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் எக்ஸிட்டரில் பாளையக் கூட்டம். ஜோசப் பேட்ஸ் என்ற முன்னாள் கப்பல் தலைவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, இதையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டாயிற்று, இங்கே வேறு செய்தியோடு ஒருவர் இருக்கிறார் என்றார். பேட்ஸ் இடம்விட்டார். பேச வந்தவர் சாமுவேல் ஸ்னோ.

ஸ்னோவின் வாதத்தில் இரண்டு கண்ணிகள். கி.மு.வுக்கும் கி.பி.க்கும் இடையே பூஜ்ய வருடம் கிடையாது. அதனால் கி.மு. 457-இன் நடுவில் எண்ணத் தொடங்கினால் 2300 முழு வருடங்கள் 1843-இல் முடியாது, 1844-க்குள் வந்துவிடும். எஸ்றா எருசலேமை அடைந்தது ஐந்தாம் மாதம் என்று வேதமே சொல்வதால், கட்டளை செயலுக்கு வந்தது இலையுதிர் காலத்தில். இது முதல் கண்ணி. பஸ்கா பண்டிகை நாளிலேயே இயேசு பலியானார் என்றால், இலையுதிர் காலப் பண்டிகைகளும் அதே போல நாள் தவறாமல் நிறைவேற வேண்டும். ஏழாம் மாதம் பத்தாம் நாள், பாவநிவாரண நாளில், பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்திலிருந்து வெளியே வந்து ஜனங்களை ஆசீர்வதிப்பான். அப்படியே கிறிஸ்துவும் பரலோகத்திலிருந்து வெளியே வருவார். ரபிமார்களின் நாள்காட்டியில் அந்த ஆண்டு அது செப்டம்பர் 23. காராயர் முறைப்படி என்று ஸ்னோ எடுத்துக்கொண்டது அக்டோபர் 22.

வார்டுக்கு மில்லர் சொன்ன பதில் அந்த வாரத்தில் உடைந்தது. வருடத்தை மட்டும் அறியலாம் என்ற வேலியைத் தாண்டி இயக்கம் ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் நுழைந்துவிட்டது. தலைவர்கள் தயங்கினார்கள், ஜனங்கள் தயங்கவில்லை. ஹைம்ஸும் மில்லரும் கடைசியில்தான் ஒத்துக்கொண்டார்கள். மில்லர் எழுதிக்கொடுத்த தேதி அக்டோபர் 6. பதினாறே நாள்கள் மிச்சம்.

கடைகள் மூடின. வயலில் பயிர் அறுவடையாகாமல் நின்றது. கடன்கள் தீர்க்கப்பட்டன, திருட்டுகள் ஒப்புக்கொள்ளப்பட்டன. விளக்கப்படம் வரைந்த ஃபிட்ச் பஃபலோவில் குளிர்ந்த தண்ணீரில் நின்று தொடர்ந்து ஞானஸ்நானம் கொடுத்து, காய்ச்சல் கண்டு, அக்டோபர் 14-இல் இறந்தார். அவருக்காக யாரும் பெரிதாக அழவில்லை, எட்டு நாளில் பார்த்துவிடப் போகிறோம் என்ற நிச்சயம் இருந்ததால். விசுவாசிகள் வெள்ளை அங்கி தைத்துக் கூரைமேல் ஏறி நின்றார்கள் என்ற கதை அன்றே பரவியது. அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று ஃபிரான்சிஸ் நிக்கல் 1944-இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார். மில்லரின் மதிப்பீட்டில் 50,000 பேர் வரை காத்திருந்தார்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை. நள்ளிரவு தாண்டியது. நியூயார்க் மாநிலம் போர்ட் கிப்சனில் கூடியிருந்தவர்கள் விடியும்வரை அழுததாக அங்கிருந்த விவசாயி ஹைரம் எட்சன் பின்னர் எழுதிவைத்தார். வெளியே, ‘இன்னுமா மேலே போகவில்லை?’ என்று தெருவில் சிறுவர்கள் கேட்டார்கள். சில ஊர்களில் கூட்ட இடங்களைக் கும்பல்கள் தாக்கின. பணம் சுருட்டியதாகப் பத்திரிகைகள் ஹைம்ஸைக் குற்றம் சாட்டின. அவர் அச்சிலேயே பதில் கொடுத்தார். வறுமையில் விழுந்த விசுவாசிகளுக்கு ஒவ்வோர் ஊரிலும் உதவி சேர்க்கச் சொன்னார். அந்த நாள்களில் நடந்தவற்றில் மிகவும் மதிக்கத்தக்க காரியம் இதுவே.

அதன் பிறகு, வாதம் மீண்டும் தொடங்கியது. இந்தமுறை வெளியாரோடு அல்ல.

ஒரு சாரார், தேதியும் சரி நிகழ்ச்சியும் சரி, கிறிஸ்து ஆவியாக விசுவாசிகளின் உள்ளத்தில் வந்துவிட்டார் என்றார்கள். இவர்களில் பலர் ஷேக்கர் சமூகங்களில் போய்ச் சேர்ந்தார்கள். மற்றொரு சாரார் நிகழ்ச்சி சரி, தேதிதான் தவறு என்றார்கள். ஹைம்ஸ் அந்தப் பக்கம். இடையில் ஒரு கடுமையான கேள்வி குறுக்கே வந்தது. மத்தேயு 25-இல் மணவாளன் வந்ததும் கதவு அடைக்கப்படுகிறது. அக்டோபர் 22-இல் ஏதோ நடந்தது உண்மையானால், மற்றவர்களுக்கு இரட்சிப்பின் கதவு அடைபட்டுவிட்டதா? மில்லரே சில மாதங்கள் அப்படித்தான் நினைத்தார். தமக்காகப் பரிகாசம் தாங்கியவர்களின் அனுபவத்தைப் பொய் என்று தள்ள அவருக்கு மனம் வரவில்லை. 1845 ஏப்ரல் 29-இல் ஆல்பனியில் மாநாடு கூடியபோது அவர் அந்தக் கருத்தை விட்டிருந்தார். அதற்குள் லோ ஹாம்ப்டன் பாப்டிஸ்ட் சபை அவரை நீக்கிவிட்டது. காலக் கணக்கில் தவறினேன், வருகை நிச்சயம் என்று அந்த ஆண்டு ஒரு சிறுநூல் எழுதினார். 1849 டிசம்பர் 20-இல் காலமானார்.

மூன்றாவது வழியை எட்சன் திறந்தார். 23-ஆம் தேதி காலை, துயரத்தில் இருந்த சகோதரர்களுக்கு ஆறுதல் சொல்ல நண்பர் ஒருவருடன் புறப்பட்டவர், தெருவழியே போனால் கேலி கேட்க வேண்டுமே என்று சோளக்கொல்லை வழியாக நடந்தார். நடுவே நின்றார். பிரதான ஆசாரியர் மகா பரிசுத்த ஸ்தலத்திலிருந்து வெளியே வர வேண்டிய நாள் அல்ல அது, உள்ளே நுழைந்த நாள் என்று தமக்குத் தெளிவானதாக அவர் எழுதினார். பரிசுத்த ஸ்தலம் பூமி அல்ல. எபிரெயர் நிருபம் பேசும் பரலோகத்து ஸ்தலம். அவருடைய நண்பர் ஓவன் குரோசியர் அதை வேத ஆதாரங்களோடு விரித்தெழுத, 1846 பிப்ரவரி 7-இல் ‘டே-ஸ்டார்’ என்ற பத்திரிகையின் சிறப்பிதழில் வெளிவந்தது.

கணக்கு சரி, நிகழ்ச்சி தவறு. பேராசிரியர் புஷ் எதிர்வாதமாக வைத்தது இப்போது அடைக்கலமாகியிருந்தது. புஷ் சொன்ன மாற்றம் பூமியில். எட்சன் கண்டது பரலோகத்தில். வாதத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அது சிறியதல்ல: பூமியில் நடக்கும் என்று சொன்னதைக் காலம் சோதித்துப் பார்க்கும். பரலோகத்தில் நடந்தது என்று சொன்னதை எந்த அக்டோபரும் பொய்யாக்க முடியாது. ஆறுதலாக அது எத்தனையோ மனிதர்களைக் காத்தது. வேத விளக்கமாக அதை எடைபோடும்போது, தேதியைக் காப்பாற்றும் தேவை முதலில் வந்தது, வசனத்தின் புதிய பொருள் பிறகு வந்தது என்ற வரிசையை மறைக்க முடியாது. குரோசியரே பிற்காலத்தில் அந்த விளக்கத்தைக் கைவிட்டார். வார்டின் கேள்விக்கோ இந்த மூன்று வழிகளிலும் நேரான பதில் இல்லை.

இந்த மூன்றாவது வழியோடு சனிக்கிழமை ஓய்வுநாளைச் சேர்த்தவர் எக்ஸிட்டரில் இடம்விட்ட அதே ஜோசப் பேட்ஸ். ஜேம்ஸ் வைட், எலன் வைட் தம்பதியும் சேர, 1860-இல் பேட்டில் கிரீக்கில் பெயர் சூட்டப்பட்டு, 1863 மே மாதத்தில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை முறையாக அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சபையின் மிஷனரிகள் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தபோது, நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் ஏற்கெனவே சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்துக்கொண்டிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்களைக் கண்டார்கள். அவர்கள் அமெரிக்காவிலிருந்து எதையும் கற்றவர்கள் அல்லர். அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857-இல் மிஷனரிகளை விட்டுப் பிரிந்து தொடங்கிய சபையைச் சேர்ந்தவர்கள். வெள்ளைக்காரப் போதகர்களின் துணையின்றி வேதத்தைத் தாமே வாசித்து அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.